22 நிமிட அந்தி

புணேவின் கோந்த்வாவில் சூரியன் மறைந்த பிறகு, விளக்கின் உதவியின்றித் தரையில் கிடப்பதைக் கண் பிரித்தறியும் வெளிச்சம் ஏறக்குறைய 22 நிமிடம் நிற்கிறது. புதுக் கூட்டில் கோழி அடையுமா, சுவரேறிக் குந்துமா என்பது இந்த 22 நிமிடத்துக்குள் முடிவாகிற விவகாரம். மறையும் கணத்தில் சூரியனின் மையம் அடிவானத்துக்கு 0.83 பாகை கீழே இருக்கும். 6 பாகை கீழே போனதும் அந்தி முடிந்தது என்று கொள்வது வழக்கம். இடைத் தூரம் 5.17 பாகை. சம இரவு நாளில், வடக்கு 18.5 பாகை அட்சரேகையில் உள்ள கோந்த்வாவில் சூரியன் மணிக்கு 14.2 பாகை வீதம் இறங்குகிறது. 5.17-ஐ 14.2-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 21.8 நிமிடம். ஜூன், டிசம்பர் மாதக் கடைசிகளில் இது 24 நிமிடமாக நீளும். அதற்கு மேல் இல்லை.

இதே கணக்கு லண்டனில் 33 நிமிடம், ஸ்டாக்ஹோமில் 40 நிமிடம். ஜூன் 21 அன்று லண்டன் அந்தி 48 நிமிடம் நீடிக்கிறது. அன்று கோந்த்வாவில் 24. சரிபாதி. நம் கைக்கு வரும் கோழி வளர்ப்புக் கையேடுகளில் பல அந்த அட்சரேகைகளில் எழுதப்பட்டவை. பொழுது சாய்ந்து அரை மணி கழித்துப் போய்ப் பார்க்கச் சொன்னால், அங்கே அது அந்தி; கோந்த்வாவில் அது முழு இருட்டு. அந்நேரம் கூட்டுக்கு வெளியே நிற்கும் கோழி பிடிவாதம் பிடிக்கவில்லை. வாசல் தெரியாமல் நிற்கிறது.

சென்னையின் அந்தி 21.2 நிமிடம். கோந்த்வாவுக்கும் சென்னைக்கும் இதில் வேறுபாடு அரை நிமிடத்துக்குச் சற்றே அதிகம். வெளிச்சத்தின் நீளம் சென்னையிலிருந்து இங்கே வந்தவருக்குப் பழகியதுதான். கடிகாரம்தான் பழகாதது. கோந்த்வா கிழக்கு 73.9 பாகையிலும் சென்னை 80.3 பாகையிலும் இருக்கின்றன. பாகைக்கு 4 நிமிடம் வீதம் 6.4 பாகைக்கு 25.6 நிமிடம். அட்சரேகை வேறுபாடும் சேர்ந்துகொள்வதால் ஜூலை முதல் வாரத்தில் மறைவு நேரங்களின் இடைவெளி 35 நிமிடமாகிறது: சென்னையில் 18.40, கோந்த்வாவில் 19.15. நவம்பர் கடைசி வாரத்தில் 17 நிமிடமாகச் சுருங்குகிறது: 17.39, 17.56. ஆறரை மணிக்குக் கோழி அடைக்கப் போகிற பழக்கத்தைச் சென்னையிலிருந்து இங்கே கொண்டுவருகிறவர், ஜூலையில் முக்கால் மணி நேரம் வெயிலோடு போராட வேண்டியிருக்கும்.

ஆண்டு முழுவதற்கும் பார்த்தால், சென்னையில் மிகப் பிந்திய மறைவுக்கும் மிக முந்திய மறைவுக்கும் இடையே 61 நிமிடம். கோந்த்வாவில் 79 நிமிடம்.

இந்த 79 நிமிடம் சீராகப் பிரியவில்லை என்பதில்தான் தொல்லை. ஜூலை 5-லிருந்து ஆகஸ்ட் 1 வரை 27 நாளில் மறைவு 6 நிமிடம் மட்டுமே முந்துகிறது. செப்டம்பர் 1 அன்று 18.49, அக்டோபர் 1 அன்று 18.24. 30 நாளில் 25 நிமிடம், நாளுக்கு 50 விநாடி. கடிகாரம் வைத்துத் திறந்து மூடும் தானியங்கிக் கதவைச் செப்டம்பர் முதல் தேதியில் அந்தி முடிவுக்குச் சரியாக அமைத்துவிட்டு மறந்தவருக்கு, ஒரு மாதத்தில் ஒரு முழு அந்தியும் 3 நிமிடமும் கைதவறிப் போகிறது. கோழி முழு இருட்டில் 25 நிமிடம் திறந்த கூட்டில் இருக்கும். பூனைக்கும் கீரிக்கும் பெருச்சாளிக்கும் அது போதும். ஜூலையில் மாற்றிய கூடு நன்றாகப் பழகியது, செப்டம்பரில் மாற்றியது பழகவில்லை என்று ஒருவர் சொன்னால், கோழியைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்கலாம். வெளிச்சத்தை உணர்ந்து மூடும் கதவில் இந்தப் பிழை வராது. அதற்கு வேறொரு பிழை உண்டு.

அது தெருவிளக்கு. சூரியன் மறையும்போது திறந்தவெளியில் வெளிச்சம் ஏறக்குறைய 400 லக்ஸ். அந்தி முடியும்போது 3.4 லக்ஸ். 22 நிமிடத்தில் 118 மடங்கு சரிவு. சாலை விளக்குகளுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1944, சிறு சாலைகளுக்குச் சராசரி 4 முதல் 8 லக்ஸ், முக்கியச் சாலைகளுக்கு 15 முதல் 30 லக்ஸ் வைக்கச் சொல்கிறது. அதாவது விதிப்படி எரியும் மிகச் சிறிய தெருவிளக்கே அந்தியின் கடைசி நிமிடத்தைவிட வெளிச்சமானது. அதன் ஒளி விழும் முற்றத்தில், கோழியின் கணக்கில், அந்தி முடிவதே இல்லை.

கோந்த்வாவில் இது சின்ன விஷயம் அல்ல. புத்ருக் என்றும் குர்த் என்றும், பெரியது சிறியது என்று பெயரிலேயே பிரிந்த இரு கிராமங்களாக இருந்த இடம் இன்று அடுக்குமாடிகளும் தேசிய வங்கி மேலாண்மைக் கழகத்தின் பெயர் தாங்கிய சாலையும் உள்ள மாநகரப் பகுதி. ஒட்டியுள்ள உந்த்ரி 2017-இல் மாநகராட்சிக்குள் வந்த 11 கிராமங்களில் ஒன்று. பிசோளி 2021-இல் வந்த 23-இல் ஒன்று. ஊராட்சி மாநகராட்சியாகும்போது முதலில் வந்து சேர்வது விளக்குக் கம்பம். கோழிக்கு யாரும் அறிவிப்பு அனுப்புவதில்லை.

இப்போது கூட்டின் உள்ளே வரலாம். சிறு வாசலும் ஒரு சன்னலும் உள்ள மரக்கூட்டுக்குள் வெளி வெளிச்சத்தில் 5 சதவீதம் புகுகிறது என்று கொள்வோம். மறைவு வேளையில் உள்ளே 20 லக்ஸ். அந்தி முடிவில் 0.17 லக்ஸ், முழு நிலா தரும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில். 8 லக்ஸ் தெருவிளக்கு வெளியே எரியும்போது உள்ளே 0.4. வாசலில் நிற்கும் கோழிக்கு முன்னே இருப்பது 20-இல் ஒரு பங்கு வெளிச்சமுள்ள ஒரு பொந்து. பழைய கூடாக இருந்தால் கால் தன் வழியில் போகும். புதுக் கூட்டில் போகாது. கோழியின் கண் பகலுக்கு ஆனது. மங்கலில் அது மனிதக் கண்ணைவிட மோசமாகத் தடுமாறும்.

தீர்வின் விலை சொல்லத்தக்கதாக இல்லை. 1 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறக்குறைய 100 லூமென் ஒளி தரும். நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரமுள்ள பெட்டியின் உட்பரப்பு 8.9 சதுர மீட்டர்; சுவர் விழுங்குவதை விட்டுவிட்டால் சராசரி 11 லக்ஸ். வெளியே அந்தி முடியும் வேளையில் உள்ளே அதைப்போல் 3 மடங்கு வெளிச்சம். மறைவுக்கு 18 நிமிடம் முன்னே ஏற்றி, அந்தி முடியும் வரை எரித்தால் மாலைக்கு 40 நிமிடம். 14 மாலைக்கு 9.3 வாட்-மணி, மின் கட்டணத்தின் ஒரு அலகில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே நிபந்தனை: எல்லாப் பறவைகளும் மேலே ஏறிய பிறகே விளக்கை அணைக்க வேண்டும். தரையில் நிற்கும்போது அணைத்தால் அன்றிரவு அவை தரையில்தான்.

மேலே ஏறுவது என்றேன். 2000-இல் வெளியான ஓல்சன், கீலிங் ஆய்வில், விளக்கை அணைத்ததும் பெட்டைகள் ஏறத் தொடங்கின. 10 நிமிடத்துக்குள் 90 சதவீதத்துக்கு மேல் கழிகளில் இருந்தன. 10 நிமிடம் என்பது கோந்த்வா அந்தியில் 46 சதவீதம். மீதி 12 நிமிடம்தான் தவறுக்கும் தயக்கத்துக்கும் சண்டைக்கும் உள்ள இடம். அந்தக் கோழிகளும் ஏற்கெனவே பழகிய இடத்தில் இருந்தவை.

கழி என்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு: கம்பு என்றால் இந்தக் கணக்கில் பின்னால் வரும் தானியத்தோடு குழம்பும். 1999-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு, பறவைக்கு 15 செ.மீ. கழி நீளம் கேட்கிறது. கழிக்கும் கழிக்கும் இடையே 30 செ.மீ., சுவருக்கும் கழிக்கும் இடையே 20 செ.மீ. ஒரு கணக்குக்காக 7 பெட்டை, 1 சேவல் என 8 பறவைகள் என்று வைத்துக்கொள்வோம். 8 பெருக்கல் 15, 120 செ.மீ. நான்கடிக் கூட்டின் அகலம் 122 செ.மீ. ஒரே கழி போட்டால் மீதி 2 செ.மீ. தாளில் சரி, கூட்டில் சரியில்லை. 15 செ.மீ. என்பது நெருங்கி உட்காரச் சம்மதிக்கும் கோழிகளுக்கான அளவு. அறிமுகமில்லாத இரண்டு பெட்டைகள் முதல் வாரத்தில் அப்படிச் சம்மதிப்பதில்லை. இரண்டு கழி போட்டால் 244 செ.மீ., பறவைக்கு 30.5. ஆழத்தில் 20-ம் 30-ம் போக இன்னும் 72 செ.மீ. மிஞ்சும். இரண்டாவது கழிக்கு ஆகும் செலவு நான்கடி மூங்கில்.

இரண்டு கழியும் ஒரே உயரத்தில் இருக்கட்டும் என்பது என் கட்சி. ஒன்று உயர்ந்தால் எட்டும் அதற்கே போட்டியிடும், 30.5 மீண்டும் 15 ஆகிவிடும்.

தரைக்கு வருவோம். ஆழ்கூள முறையில் முட்டைக் கோழிக்கு 2 சதுர அடி என்பது தமிழ்நாட்டில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 8 பறவைக்கு 16 சதுர அடி, அதாவது 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை ஒன்றில் பாதி. பெட்டியின் ஆறு முகங்களுக்கும் 96 சதுர அடி, மூன்று பலகை. காற்றுக்கும் வாசலுக்கும் அரைப் பலகையைக் கழித்து அங்கே வலை அடிக்கலாம். ஐரோப்பிய உத்தரவின்படி சதுர மீட்டருக்கு 9 பறவை, இதே 1.49 சதுர மீட்டரில் 13 அடையலாம். நம் அளவு 8. கூட்டைப் புதிதாகக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தரையைத்தான் தாராளமாக அளக்கிறார்கள், கழியை மறந்துவிடுகிறார்கள். இரவில் கோழிக்குத் தரை தேவைப்படுவதில்லை.

ஒப்பீட்டுக்கு: இந்தியக் கூண்டுப் பண்ணைகளில் நெடுங்காலம் புழங்கிய அளவு பறவைக்கு 450 ச.செ.மீ. 2023-ஆம் ஆண்டு விதிகள் அதை 550 ஆக்கின. ஏ4 தாளின் பரப்பு 623.7. பழைய அளவு தாளில் 72 சதவீதம். புதிய அளவு 88 சதவீதம். 2 சதுர அடி என்பது 1,858 ச.செ.மீ.; ஏறக்குறைய மூன்று தாள்.

கூண்டு வளர்ப்புக்கும் புணேவுக்கும் உறவு உண்டு. பி. வி. ராவ் 1971-இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் இந்த ஊரில் வேரூன்றியது; 1982-இல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் இதே ஊர்தான் தலைமையிடம். கூண்டில் வளரும் முட்டைக் கோழிக்கு அடைதல் என்ற வினையே கிடையாது. நாளுக்கு 16 மணி விளக்கு, ஒரு விசை, 8 மணி இருட்டு. ஏறும் கழியும் இல்லை, நுழையும் வாசலும் இல்லை. பண்ணையிலிருந்து கழித்து விற்கும் பெட்டையை வாங்கி வந்து முற்றத்தில் விடுகிறவர், அது மாலையில் விழித்து நிற்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. 1999-இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு, நான்கு வார வயதுக்குள் கழியேறப் பழகிய குஞ்சுகள் பிற்காலத்தில் தரையில் முட்டையிடுவது குறைவு என்று காட்டியது. 70 வாரம் கூண்டில் கிடந்த பறவைக்கு அந்த நான்கு வாரம் கிடைக்கவில்லை. தூக்கி வைத்தால் பழகும். பழக நாள் கூடும்.

முற்றத்துக் கோழிகள் எத்தனை என்பது 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இருக்கிறது. 2019-இல் நாட்டின் கோழியினம் 85.18 கோடி, அதில் புறக்கடை வளர்ப்பு 31.71 கோடி. 2012-இல் இவை 72.92 கோடியும் 21.75 கோடியும். ஏழு ஆண்டில் பண்ணைக் கோழி 4.5 சதவீதம் கூடியபோது புறக்கடைக் கோழி 45.8 சதவீதம் கூடியிருக்கிறது. மொத்தத்தில் அதன் பங்கு 29.8-லிருந்து 37.2 சதவீதம் ஆகியிருக்கிறது. தமிழ்நாடு 12.08 கோடியோடு முதலிடம்; 2012-ஐவிட 2.9 சதவீதம் கூடுதல். மகாராஷ்டிரம் 7.43 கோடி, 4.5 சதவீதம் குறைவு. மாநில எண்கள் பண்ணையையும் முற்றத்தையும் சேர்த்தவை என்பதால், கோந்த்வாவின் முற்றங்களில் கோழி கூடியதா குறைந்ததா என்று இவற்றிலிருந்து சொல்ல முடியாது. நாடு முழுவதும் ஒவ்வொரு மாலையும் 31.71 கோடி பறவை எங்கேனும் அடைய வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. அவற்றில் நூற்றுக்கு ஒன்று வெளியே தங்கினால் 31.7 லட்சம்.

இனிப் பழக்கும் இரவுகள். வழக்கில் இரண்டு முறை. ஒன்று, புதுக் கூட்டிலேயே 3 முதல் 7 நாள் அடைத்து வைப்பது. மற்றொன்று, பகலில் திறந்துவிட்டு, இருட்டியபின் வெளியே குந்தியிருப்பவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழியில் வைப்பது. இரண்டாவது முறைக்கு ஒரு மாதிரிக் கணக்கு: ஒவ்வோர் இரவும் மிஞ்சியவற்றில் பாதி தானாக உள்ளே போகக் கற்கிறது என்று கொண்டால், தூக்க வேண்டியவை 8, 4, 2, 1. நான்கு இரவில் 15 தூக்கு. தூக்குக்கு 2 நிமிடம் என்றால் 30 நிமிடம். மூன்றில் ஒன்று மட்டுமே கற்றால் 8, 5, 3, 2, 1 என்று ஐந்து இரவு இழுத்து 19 தூக்கு. வேறுபாடு 4 தூக்கும் ஓர் இரவும்தான். கோழி சற்று மந்தமாகக் கற்றாலும் உழைப்பு அதிகம் பெருகுவதில்லை, விட்டுவிட்டால்தான் பெருகும். ஓர் இரவு சுவரில் தங்கிய பெட்டைக்குச் சுவரே கூடாகிவிடும்.

அடைத்து வைக்கும் முறையில் தூக்கு 8 மட்டும், முதல் இரவில். மற்றவை தீவனமும் எச்சமும். முட்டைக் கோழிக்கு நாளுக்கு 110 கிராம் தீவனம் என்றால் 8 பறவைக்கு 880 கிராம்; 7 நாளுக்கு 6.16 கிலோ. தண்ணீர் தீவனத்தைப்போல் இருமடங்கு, நாளுக்கு 1.8 லிட்டர், ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் கூடும். எச்சம் தீவன எடைக்குச் சமமோ சற்றே அதிகமோ. வாரத்தில் 6 கிலோவுக்குக் குறையாது. 16 சதுர அடியில் 10 செ.மீ. உயரத்துக்கு நெல் உமி பரப்ப 149 லிட்டர், எடையில் சுமார் 15 கிலோ வேண்டும். வெளியே விட்டு வளர்க்கும்போது மேய்ச்சலில் கிடைக்கும் பங்கு இந்த வாரம் இல்லை; எல்லாம் கைத்தீவனம்.

மக்காச்சோளத்துக்கு 2025-26-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவின்டாலுக்கு 2,400 ரூபாய், கிலோவுக்கு 24. தீவனம் முழுவதும் மக்காச்சோளமாக இருந்தாலும் 6.16 கிலோவுக்கு 148 ரூபாய். கலப்புத் தீவனத்தின் கடை விலை இதைவிட அதிகம் என்பதால் 148 அடிமட்டம். கம்பின் ஆதரவு விலை அதே ஆண்டில் குவின்டாலுக்கு 2,775 ரூபாய். மாலையில் கூட்டுக்குள் பறவைக்கு 10 கிராம் கம்பு தூவினால் 8 பறவைக்கு 80 கிராம். 14 மாலைக்கு 1.12 கிலோ, 31 ரூபாய். கடையில் இருமடங்கு கொடுத்து வாங்கினாலும் 62. விளக்கை விட்டுவிட்டால், பழக்கும் செலவில் மிகவும் மலிவானது இதுதான். பலன் மிக்கதும் இதுவே என்பேன். ஆனால் கம்பை வாசலில் தூவினால் கோழி வாசலில் நிற்கும். உள்ளே, கழிக்குக் கீழே தூவ வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் முட்டை. கிராமப்பிரியா போன்ற புறக்கடை இனம் ஆண்டுக்கு 160 முதல் 180 முட்டை இடுகிறது. 170 என்று கொண்டால் 7 பெட்டைக்கு நாளுக்கு 3.26. இடம் மாறிய கலக்கத்தில் ஒரு வாரம் முற்றாக நின்றால் 22.8 முட்டை. முட்டைக்கு 6 ரூபாய் வைத்தால் 137 ரூபாய். நாட்டுப் பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80. அதற்கு இதே இழப்பு 9.4 முட்டை, 56 ரூபாய். புணேச் சந்தையில் காவ்ரான் என்ற பெயரோடு வரும் நாட்டு முட்டைக்குக் கூடுதல் விலை உண்டு. அந்த விலையில் 56-ஐ உயர்த்திக்கொள்ளலாம். எப்படிப் பார்த்தாலும் ஒரு கோழி பூனைக்குப் போவதைவிட இது சிறிய எண்.

சண்டையின் கணக்கு தனி. கோழிகளின் கொத்தும் வரிசையை நார்வேக்காரரான ஷெல்டெரூப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் பதிவு செய்தார்: எந்த இரண்டு பறவையை எடுத்தாலும் யார் மேல், யார் கீழ் என்பது முன்பே முடிவாகியிருக்கும். 8 பறவையில் 28 இணைகள். எட்டும் ஒன்றாக வளர்ந்து ஒன்றாக இடம் மாறினால் புதிய இணை 0. கூடு மட்டுமே புதிது. பழைய 4-உடன் புதிய 4 சேர்ந்தால் 28-இல் 16 இணை புதியவை, 57 சதவீதம். பழைய 7-உடன் புதிதாக 1 சேர்ந்தால் புதிய இணை 7, 25 சதவீதம்தான். குறைவு என்று தோன்றும். ஆனால் அந்த 7-ம் ஒரே பறவையின் தலையில் விழுகின்றன. முந்தைய கணக்கில் தலைக்கு 4. முதல் நாள் தனியாக வந்த விடைக்கோழி கூட்டுக்கு வெளியே குந்தியிருந்தால் காரணம் வெளிச்சமாக இல்லாமல் இந்த 7-ஆக இருக்கக்கூடும். இருட்டிய பிறகு தூக்கி உள்ளே வைப்பதன் பயன் இங்கேதான் கூடுதல். இருட்டில் கொத்து விழாது.

பழகியபின் வரும் காலம் நீண்டது. டிசம்பர் 21 அன்று கோந்த்வாவில் பகல் 11 மணி 1 நிமிடம். இரவு 12 மணி 59 நிமிடம். ஜூன் 21 அன்று இரவு 10 மணி 46 நிமிடம். குளிர்காலத்தில் கோழி கூட்டில் 13 மணி இருக்கிறது. 8 பறவைகளின் உடல் வெப்பம், தலைக்கு ஏறக்குறைய 10 வாட் வீதம், 80 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று இரவெல்லாம் எரிவதுபோல். புணேவில் ஜனவரியின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பம் 11 பாகை செல்சியஸ் அளவு. 1935 ஜனவரி 17 அன்று 1.7 பாகை பதிவாகியிருக்கிறது. அந்த 1.7-ஐ நினைத்துக் கூட்டை இறுக மூடுகிறவர்கள் உண்டு. இறுக மூடினால் வெப்பத்தோடு ஈரமும் அம்மோனியாவும் தங்கும். கறிக்கோழிக் கொட்டகைக்கு ஐரோப்பிய வரம்பு பறவையின் தலை மட்டத்தில் 20 பி.பி.எம். அம்மோனியா, 3,000 பி.பி.எம். கரியமில வாயு. காலையில் திறக்கும்போது கண் எரிந்தால் அளவுகருவி தேவையில்லை. மே மாத இரவில் வெளியே 23 பாகை இருக்கும்போது அதே 80 வாட் ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் என்ன செய்யும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கழிக்கு மேலே அரைப் பலகை அளவு வலை வைப்பது ஆடம்பரம் அல்ல.

வலையின் கண் 12 மி.மீ. எலி 20 மி.மீ. இடைவெளியில் நுழையும், கடையில் கோழிவலை என்று கிடைக்கும் அறுகோண வலையின் கண் பெரும்பாலும் 25 மி.மீ. பெயர் கோழிவலை, தடுப்பது கோழியை மட்டும்.

பழகிய கோழி திடீரென்று கூட்டைத் தவிர்த்தால் மீண்டும் முதல் பத்தியிலிருந்து தொடங்க வேண்டாம். கழியின் அடிப்பக்கத்தைப் பார்க்கவும். கோழிச்செள் பகலில் மரவெடிப்பில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும். வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு 7 நாள். இரையில்லாமல் 8 மாதம் வரை உயிரோடு இருக்கும். வாரத்துக்கு இருமடங்கு என்று கொண்டால் 100 செள் 4 வாரத்தில் 1,600. 8 வாரத்தில் 25,600. பழைய கூட்டை விலைக்கு வாங்குகிறவர், அது அரை ஆண்டாகக் காலியாகக் கிடந்தது என்பதைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. 6 மாதம் 8-ஐவிடக் குறைவு.

முட்டைக்காக விளக்கு வைத்துப் பகலை நீட்ட விரும்புகிறவருக்கு ஒரு கழித்தல். 14 மணி வெளிச்சம் வேண்டும் என்றால் டிசம்பர் 21 அன்று பற்றாக்குறை 2 மணி 59 நிமிடம். இதை மாலையில் சேர்த்தால் 21.02-க்கு விளக்கு ஒரே அடியாக அணையும். அந்தி 0 நிமிடம். காலையில் சேர்த்தால் 4.03-க்கு ஏற்றி, 7.02-க்குச் சூரியன் எழும்போது அணைக்கலாம். மாலை அந்தி தன் 24 நிமிடத்தோடு அப்படியே இருக்கும். பழகாத கூட்டில் முதல் மாதம் இரண்டுமே வேண்டாம்.

குளிர்காலத்தில் குடியேற்றுகிறவர் ஒன்றைக் கவனிக்கலாம். பகல் டிசம்பர் 21 வரை சுருங்கிக்கொண்டே போகிறது. மாலை அப்படி அல்ல. மறைவு நவம்பர் 25 வாக்கில் 17.56-இல் திரும்பிவிடுகிறது. டிசம்பர் 21 அன்று 18.03. அந்த 26 நாளில் பகல் குறைவது முழுவதும் காலைப் பக்கம். சூரிய உதயம் ஜனவரி நடுவில் 7.09 வரை பிந்துகிறது. நவம்பர் கடைசி வாரத்தில் கதவை 18.20-க்கு மூடும்படி அமைத்தால் டிசம்பர் 21-க்கு 18.27 ஆக்க வேண்டியிருக்கும். 7 நிமிடம். செப்டம்பரில் 8 நாளில் நேர்வது இங்கே 26 நாளில்.